பதினான்காம் எண் வண்டியின் துரு

சைலன்சர்காரருக்கு மனிதர்களைப் பிடிக்காது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை. கண் என்று ஒன்று இருந்தால் எரிச்சல் வரத்தானே செய்யும் என்பது அவர் கட்சி. பட்டறைக்கு வருகிறவரை முதலில் ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு குனிந்து வண்டியின் புகைக்குழாயைப் பார்ப்பார். பிறகு மறுபடியும் ஆளைப் பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வையில், பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு வந்தது போல வந்தவர் கூசிப் போய்விடுவார்.

"எத்தனை நாளா இப்படி ஓட்டுறீங்க?"

"ஒரு ஆறு மாசமா..."

"காது இருக்கா உங்களுக்கு?"

பேச்சு அத்தோடு சரி. ஆனால் வேலை சுத்தம். அதனால்தான் திட்டு வாங்கிக்கொண்டாவது ஆட்கள் வந்தார்கள். தகரக் கூரை போட்ட அந்த ஒற்றை அறையில் முப்பது வருடமாக அவர் புகைக்குழாயைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. சங்கிலி மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும் என்று கேட்டால் எதிர்த் தெரு மெக்கானிக்கின் பக்கம் தாடையால் காட்டுவார். "அங்க போங்க. அங்க ஒரு அரைகுறை இருக்கான்."

அரைகுறை என்பதுதான் அவருடைய வாயில் வருகிற ஆகக் கேவலமான வசவு. வேறு கெட்ட வார்த்தை அவருக்குத் தேவைப்படவில்லை. துருவின் மேலேயே வெள்ளிப் பெயிண்டை அடித்துப் பூசி மெழுகி அனுப்புகிறவன் அரைகுறை. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைக்காமல் தேய்க்கிறவன் அரைகுறை. குழாயின் வெளிப்பக்கத்தைப் பளபளப்பாக்கிவிட்டு உள்ளே கரியை அப்படியே விட்டு அனுப்புகிறவன் இருக்கிறானே, அவன் கடைந்தெடுத்த அரைகுறை. "பல் விளக்குறவன் உதட்டை மட்டுமா விளக்குவான்?" என்று கேட்பார். பதில் சொல்ல யாரும் துணிந்ததில்லை.

கல்யாணமும் இந்தக் குணத்தால்தான் தள்ளிப்போய், தள்ளிப்போய், பிறகு பேச்சே இல்லாமல் போனது. ஒரு பெண் அவரோடு பேசிப் பார்க்கச் சம்மதித்துக் காபிக் கடைக்கு வந்தாள். நல்ல பெண். இவர் உட்கார்ந்ததும் மேசை லேசாக ஆடியது. குனிந்து மேசைக் காலைப் பார்த்தார். பற்றவைத்த இடம் புழுப் பிடித்தது மாதிரி இருந்தது. அதை எவன் செய்தான், எப்படிச் செய்திருக்க வேண்டும், அவனையெல்லாம் யார் வேலைக்கு வைத்தார்கள் என்று அரை மணி நேரம் பேசினார். அவள் காபியைக் குடித்து முடித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

ஆக, ஐம்பத்தோரு வயதில் அவர் அக்கா வீட்டின் பின்பக்க அறையில் இருந்தார். அக்கா அவரைவிட இரண்டு வயது மூத்தவள். உலகத்தில் அவரை 'டேய்' என்று கூப்பிடவும் எதிர்த்துப் பேசவும் உரிமை உள்ள ஒரே ஜீவன். அவள் புருஷனை, அதாவது அத்தானை, சைலன்சர்காரர் எந்த அளவுக்கு மட்டமாக நினைத்தார் என்பதைச் சொல்ல ஒரு நாள் போதாது.

அத்தானுக்குக் குளியலறை டைல்ஸ் கடை. கடையில் ஒரு டைல்ஸை அவர் கையால் ஒட்டியதில்லை. ஆனால் டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கு மணிக்கணக்கில் யோசனை சொல்வார். ஐம்பத்தைந்து வயதில் அவருக்குத் திடீரென்று பழைய மோட்டார் சைக்கிள் மேல் காதல் வந்தது. ஊரில் நாலு பெரிய மனிதர்களுக்கு அந்தக் காதல் இருந்தது, அதனால் வந்தது. மூடிப் போன ஒரு மாவு மில்லின் கிடங்கிலிருந்து எழுபது வருடத்துப் பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்றை வாங்கி வந்தார். வாங்கிய மறுவாரமே அது அவருடைய பெரிய தாத்தா ஓட்டிய வண்டியாகிவிட்டது. ஒருமுறை உதைத்துப் பார்த்தார். உதைகட்டை திருப்பி அவர் முழங்காலில் ஒரு அடி கொடுத்தது. அதற்குப் பிறகு வண்டி எங்கே போவதாக இருந்தாலும் வேன்மேல்தான் போனது. வீட்டு ஷெட்டில் அதற்குக் கீழே கம்பளம் விரித்திருந்தார்.

வண்டியின் டாங்கில் பழைய கறுப்புப் பெயிண்ட் இன்னும் கனத்து இருந்தது. சீட்டின் தோலும் நன்றாகவே இருந்தது. புகைக்குழாய் மட்டும்தான் பார்க்கச் சகிக்கவில்லை. எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் குழாயில் குரோம் முலாம் செதில் செதிலாக உரிந்து, சைலன்சரின் அடிவயிற்றில் விரல் நுழையும் அளவுக்குத் துரு தின்றிருந்தது.

"மாப்ள, இதை மட்டும் நீ கொஞ்சம் தேய்ச்சுக் குடு. உனக்குத்தான் தேய்க்கிற வேலை பழக்கமாச்சே," என்றார் அத்தான்.

தேய்க்கிற வேலை! இருபத்திரண்டு வருடமாக அத்தான் வாயிலிருந்து வந்த மரியாதை அவ்வளவுதான். விருந்தாளிகளிடம் அறிமுகப்படுத்தும்போதும் "என் மச்சான், தேய்க்கிற வேலை" என்பார். கேட்டவர்கள் பாத்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். சைலன்சர்காரர் வாயைத் திறக்கமாட்டார். ஊரையே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிற மனிதர், இந்த ஒரு ஆளிடம் மட்டும் வாய் மூடியிருந்தார். தன்னைப் புரிந்துகொள்ள அத்தானுக்கு யோக்கியதை கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அது உண்மைதான். ஆனால் அந்த யோக்கியதை கெட்ட மனிதர் ஒருநாள் நாலு பேர் முன்னால் தன் வேலையைச் சொல்ல வேண்டும் என்று அவர் உள்ளுக்குள் ஏங்கினார் என்பதும் உண்மை.

மூன்று வாரம் அந்தக் குழாயோடு மல்லுக்கட்டினார். எஞ்சினோடு இறுகிப் போயிருந்த நட்டைக் கழற்றவே இரண்டு நாள். சூடு காட்டுவார், எண்ணெய் விடுவார், ஆறவிடுவார், மறுபடியும் சூடு காட்டுவார். சுத்தியலை எடுக்கவே இல்லை. பிறகு காஸ்டிக் சோடா கரைசலில் முழுக் குழாயையும் ஊறப்போட்டு, உள்ளே எழுபது வருடமாகப் படிந்திருந்த கரியைத் தார் மாதிரி வழியவிட்டார். ஊறப்போட்டது மூன்று முறை. கடைசி முறை வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தபோது துணி வெள்ளையாகவே வந்தது. துரு தின்ற ஓட்டைகளைப் பித்தளை கொண்டு பற்றவைத்து, அரம் போட்டு, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைஸ் தாள் வரைக்கும் ஆறு ரகம் தேய்த்தார். முலாம் பட்டறையில் போய் உட்கார்ந்து, தொட்டிக்காரன் கடிகாரத்தைப் பார்க்கிறானா கைபேசியைப் பார்க்கிறானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அந்தத் தொட்டிக்காரன் அவரை இனி உள்ளே விடக்கூடாது என்று வாசலில் சொல்லி வைத்திருக்கிறான்.

குழாய் வந்து வண்டியில் ஏறிய அன்றைக்கு அக்கா ஷெட்டுக்கு வந்தாள். வளைவில் அவள் முகம் தெரிந்தது.

"டேய், என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விரலை அருகே கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள். "இதை நீயா செஞ்சே?"

"வேற யாரு செய்வா? உன் புருஷனா?"

பழைய வண்டிச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைத்துக் கோப்பை கொடுக்கும். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு அட்டை நிற்கும். உரிமையாளர் பெயர், வண்டியின் வயது, கடைசி வரியில் 'சீரமைத்தவர்' என்று ஒரு இடம். அந்த இடத்தில் தம்பியின் பெயரை இனிஷியலோடு போட வேண்டும் என்று அக்கா தன் புருஷனிடம் பிடிவாதம் பிடித்தாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அத்தான், "சரி, போட்டுத் தொலைக்கிறேன்" என்றார். சைலன்சர்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் மாதிரி பட்டறைக்குப் போனார். அன்றைக்கு வந்த மூன்று வாடிக்கையாளர்களையும் அவர் திட்டவில்லை. மூவரும் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டார்கள்.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்த வருடப் பெரிய கோப்பை, யாரும் கை வைக்காமல் பழைய நிலையிலேயே இருக்கும் வண்டிக்கு. பெயிண்ட் உரிந்திருக்கலாம், துரு பிடித்திருக்கலாம், ஆனால் எல்லாம் காலம் செய்ததாக இருக்க வேண்டும். பெரிய மனிதர்களின் ரசனை இப்படித்தான். நேற்று வரை பளபளப்பைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களுக்கு இன்றைக்குத் துரு இனித்தது.

அடுத்த நாள் மதியம் சைலன்சர்காரர் சாப்பிட வந்தபோது ஷெட்டிலிருந்து வினிகர் நாற்றம் வந்தது. போய்ப் பார்த்தார். அத்தான் கம்பளத்தில் மண்டியிட்டு, பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டால் குழாயில் ஒரு முழ நீளத்துக்குக் குரோமைக் கரைத்துவிட்டு, அதன்மேல் உப்பையும் வினிகரையும் குழைத்து அப்பிக்கொண்டிருந்தார். அந்த ஒரு முழத்துக்கும் ஒரே மாதிரி, பூசணிக்காய் நிறத்தில், துரு பூத்திருந்தது.

"மாப்ள, கோபப்படாத," என்றார் அத்தான். "மத்ததெல்லாம் பழசாவே இருக்கு. இது ஒண்ணுதான் காட்டிக்குடுக்குது. பழையபடி ஆக்கிட்டா கோப்பை நம்ம வீட்டுக்குத்தான். துரு எடுக்கத் தெரிஞ்சவனுக்கு வைக்கத் தெரியாதா?"

அக்கா ஷெட் வாசலில் வந்து நின்றாள். புருஷனைப் பார்க்கவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வார உழைப்பு கண் முன்னால் அழிந்து கிடந்தது. சைலன்சர்காரருக்குக் காது சூடேறியது. அவர் குனிந்து அந்தத் துருவைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க வேறொரு கோபம் வந்து முதல் கோபத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"உப்பை இப்படியா அள்ளி அப்புவாங்க?" என்றார். "துரு என்ன சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பா, எல்லா இடத்துலயும் ஒண்ணா வர? தண்ணி தங்குற இடத்துல முதல்ல வரும். அடிப்பக்கம் வரும். பற்றவைச்ச ஓரத்துல வரும். ஓட்டுறவன் பூட்ஸ் உரசுற இடத்துல வரவே வராது. நகருங்க. கெடுத்து வச்சிருக்கீங்க. நகருங்க அந்தப் பக்கம்."

அத்தான் நகர்ந்தார். அக்கா வாசலிலிருந்து போய்விட்டாள். அவள் போனதை அவர் கவனிக்கவில்லை.

ஒன்பது நாள் எடுத்துக்கொண்டு அவர் துரு வைத்தார். பஞ்சில் ஆசிட்டைத் தொட்டு, குரோமைப் புள்ளி புள்ளியாக அரித்தார். கூர் ஊசியால் குழிகள் போட்டார். உப்புத் தண்ணீரில் நனைத்த சாக்கைச் சுற்றி, காலையில் பிரித்து, வெயில் காட்டி, சூடு காட்டி, பழைய எண்ணெயைத் தடவித் துடைத்து, மறுபடியும் சுற்றினார். பூட்ஸ் உரசும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பை விட்டுவைத்தார். அடிவயிற்றில் காபி நிறம், ஓரங்களில் கறுப்பு, மேலே லேசான செம்மண் படலம். கடைசியில் மழையையும் வெயிலையும் எழுபது வருடம் பார்த்த குழாய் ஒன்று அங்கே இருந்தது. பொய் வேலைக்கு இவ்வளவு சிரத்தை எடுத்த ஒருவரை வேறு எங்காவது பார்த்திருந்தால் அவரே காறித் துப்பியிருப்பார். ஆனால் இது தன் கைவரிசை. தள்ளி நின்று பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார்.

கண்காட்சி ஒரு பெரிய திறந்த மைதானத்தில் நடந்தது. வெள்ளைத் துணிப் பந்தலின் கீழ் நாற்பது வண்டிகள். அத்தானின் வண்டிக்குப் பதினான்காம் எண். முன்னால் நின்ற அட்டையின் கடைசி வரியில் 'சீரமைத்தவர்: எவரும் இல்லை. இதுவரை யாருடைய கையும் படாதது' என்று அச்சடித்திருந்தது. சைலன்சர்காரர் வேனிலிருந்து வண்டியை இறக்கி, தள்ளி, நிறுத்தி, துடைத்து, கையில் துணியோடு, வண்டிகளைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே போய் நின்றார். யாருடைய கையும் படாதது என்ற வரியை மூன்று முறை படித்தார். அத்தான் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு, பெரிய தாத்தாவைப் பற்றிப் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவராக வந்தது கட்டையான உருவத்தில், நரைத்த தலையோடு ஒரு அம்மா. முப்பது வருடம் ரயில் எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்தவர். மற்ற வண்டிகளை நின்றபடியே பார்த்தவர் பதினான்காம் எண்ணுக்கு வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியை வைத்து வளைவைப் பார்த்தார். அடியைப் பார்த்தார். பூட்ஸ் உரசிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"அழகு," என்றார். "இந்த மாதிரி துருவை நான் பார்த்ததே இல்ல."

சைலன்சர்காரர் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு வருடத்தில் வேலை தெரிந்த ஒருவர் அவர் வேலையைப் பார்த்து அழகு என்று சொன்னது அதுதான் முதல் முறை. அந்தப் பாராட்டைப் பெற்றுக்கொண்டு அத்தான் தலை குனிந்து வணங்கினார்.

அந்த அம்மா எழுந்திருக்கப் போனவர், என்ன தோன்றியதோ, சைலன்சரின் வாலுக்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தார். விரல் சுத்தமாக இருந்தது.

"எழுபது வருஷம் ஓடின வண்டி," என்றார் அவர். "உள்ள ஒரு பொட்டுக் கரி இல்லயே?"

வெளியே ஒன்பது நாள் துரு வைத்த சைலன்சர்காரர் உள்ளே ஒரு விரல் கரி பூசவில்லை. மறந்தாரா, மனசு வரவில்லையா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. உள்ளே அழுக்கோடு ஒரு குழாயைத் தன் கையால் வெளியே அனுப்ப அவருக்கு எப்போதும் முடிந்ததில்லை.

அத்தான் ஒரு விநாடி விழித்தார். வியாபாரி அல்லவா, உடனே சமாளித்தார். "அதை ஏன் கேக்கறீங்கம்மா. நடுவுல ஒரு அரைகுறைகிட்ட மாட்டிக்கிச்சு. உள்ள மட்டும் சோடாவை ஊத்திக் கழுவித் தொலைச்சிட்டான். வெளியில கை வைக்கறதுக்குள்ள நான் பிடுங்கிட்டு வந்துட்டேன்."

"உள்ள மட்டும்தான்னா ரெண்டு புள்ளிதான் குறையும்," என்று அந்த அம்மா தாளில் குறித்துக்கொண்டார். "அப்பவும் உங்க வண்டிதான் முன்னால நிக்குது."

அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். கோப்பை வீட்டுக்கு வந்திருக்கும், ராத்திரி சாப்பாடு நிம்மதியாக இறங்கியிருக்கும். ஆனால் சைலன்சர்காரர் ஏற்கெனவே கயிற்றைத் தாண்டிவிட்டிருந்தார்.

"யாரு அரைகுறை?" என்றார்.

"மாப்ள, நீ போய் வேன்கிட்ட..."

"யாரு அரைகுறை? உள்ள கழுவினதும் நான்தான். வெளியில அந்தத் துரு இருக்கே, அதுவும் நான்தான். காலமும் இல்ல, மழையும் இல்ல. ஒன்பது நாள் துரு அது."

பந்தலில் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்திரிகைக்காரர் பேனாவை மறுபடியும் எடுத்தார். நடுவர் அம்மா மீண்டும் மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை.

"பற்றவைச்ச ஓரத்துல கறுப்பு எப்படி வந்துது?"

"சூடு காட்டிட்டுப் பழைய எண்ணெய் தடவினேன். நாலு தடவை."

"குழி?"

"ஊசி. ஒவ்வொண்ணா."

"கரி மட்டும் இருந்திருந்தா நான் ஏமாந்திருப்பேன்," என்றார் அந்த அம்மா. பிறகு வேறொரு தாளை எடுத்தார். "பேரு சொல்லுங்க. எழுதணும்."

அவர் சொன்னார். இனிஷியலோடு சொன்னார். எந்த எழுத்து குறில், எந்த எழுத்து நெடில் என்றுகூடச் சொன்னார்.

கால் மணி நேரத்தில் அறிவிப்புப் பலகையில் தாள் ஏறியது. 'தள்ளுபடி செய்யப்பட்ட வண்டி: எண் 14. காரணம்: செயற்கைத் துரு. செய்தவர்:' என்று போட்டு அவருடைய முழுப் பெயர். ஒரு மனிதனின் பெயர் வருவதற்கு இதைவிடக் கேவலமான இடம் அந்த மைதானத்தில் வேறு இல்லை. ஆனால் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோப்பையை வாங்கப் போகிறவர் மாதிரி அதன் முன்னால் நின்றார். அத்தான் கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வேனை நோக்கிப் போனார்.

அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். தாளைப் படித்தாள். திட்டப் போகிறாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"பெருமையா இருக்கா?" என்றாள்.

அவர் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்துத் தொங்கவிட்டார்.

"அவரைப் பத்திக் கவலைப்படாத. அவர் செஞ்சதுக்கு அவருக்கு இது வேணும். வீட்டுல அவரை நான் பார்த்துக்கறேன். நீ எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு ஷெட் வாசல்ல நான் எதுக்குடா நின்னேன்? நீ 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு நின்னேன். சொல்லியிருந்தா அவரை அந்த இடத்துலயே ஒரு வழி பண்ணியிருப்பேன். அந்த மூணு வார வேலை அழியறப்ப உனக்கு வாய் வரல. இந்தப் பொய்க்குத்தான் 'நான்தான்'னு முன்னால வந்து நிக்கிறே."

சைலன்சர்காரர் பலகையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். சொல்வதற்கு அவரிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. இத்தனை நாளும் அது பெரிய காரணமாகத் தெரிந்தது.

"அத்தான் போட்ட துரு ரொம்ப அசிங்கமா இருந்துதுக்கா," என்றார்.

"அதுக்கு?" என்றாள் அக்கா.

அவள் கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், பதிலுக்குக் காத்துக்கொண்டும் நின்றாள்.